இரண்டாவது தடவை கீமோ: சாத்தூர் தங்கைக்கு

போன வாரம் சாத்தூரிலிருந்து ஒருவர் போனில் பேசினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பில் கேன்சர் கட்டி வந்து, ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) எல்லாம் முடித்து, ஐந்து வருஷம் மாத்திரையும் போட்டு முடித்தவர். இப்போது வலது பக்கம். "போன தடவை மாதிரியேதான் இருக்குமாக்கா? நாலு சிவப்பு மருந்து, அப்புறம் நாலு வெள்ளை மருந்து, அதேதானா? அந்த ஆஸ்பத்திரி வாடையை நெனச்சாலே எனக்குக் குமட்டுது" என்றார்.

அரை மணி நேரம் பேசினோம். வைத்த பிறகு யோசித்தால், சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவே இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு முதல் தடவை 2014இல், இடது பக்கம், அப்போது வயது 44. இரண்டாவது 2023இல், வலது பக்கம். இரண்டு தடவையும் கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய்த்தான் வைத்தியம். நான் டாக்டர் இல்லை, டீச்சர். எனக்கு நடந்ததையும், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன், உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் ஒன்று. "இரண்டாவது தடவை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. பழைய இடத்திலேயே, அதே பக்கத்தில் மறுபடி வருவது ஒன்று. மற்ற மார்பில் புதிதாக வருவது ஒன்று. எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று வேறு இடத்தில் போய் உட்கார்வது இன்னொன்று. இந்த மூன்றுக்கும் கீமோ ஒரே மாதிரி இருக்காது, சிலருக்குக் கீமோவே தேவைப்படாமல் மாத்திரையிலேயே போகும். எனக்கு அடுத்த நாற்காலியில் உட்காரும் அக்கா ஒருவருக்கு எலும்பில் வந்திருந்தது. எலும்புக்கான ஊசிக்காக மட்டும் மாதம் ஒரு தடவை வருவார், கீமோவை வீட்டிலேயே மாத்திரையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடி கொட்டவில்லை, ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். எனக்கு ஆறு சைக்கிள், அதாவது ஆறு தடவை மருந்து ஏற்றுவது, என்று கணக்கு இருந்தது. அவருக்குக் கணக்கு கிடையாது. மருந்து கேட்கிற வரைக்கும், உடம்பு தாங்குகிற வரைக்கும் அது போகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அவரைப் பார்த்து நானும் என்னைப் பார்த்து அவரும் ஒப்பிட்டுப் பயந்துகொண்டிருந்தோம், ஒரு நாள் சிஸ்டர்தான் வந்து புரிய வைத்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்து உங்கள் சிகிச்சையைக் கணிக்காதீர்கள் தங்கை.

அடுத்தது சதைப் பரிசோதனை. பழைய ரிப்போர்ட்தான் இருக்கிறதே, எதற்கு மறுபடி பயாப்ஸி என்று எங்கள் வீட்டில் கேட்டார்கள். கட்டாயம் வேண்டும். 2014இல் எனக்கு வந்தது ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனைப் பிடித்து வளர்கிற வகை, அதனால்தான் ஐந்து வருஷம் ஹார்மோனைத் தடுக்கும் டாமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிட்டேன். 2023இல் வந்தது ட்ரிபிள் நெகட்டிவ், அந்த ஹார்மோன் மாத்திரை கேட்காத வகை. ஒரே உடம்பு, ஆனால் இரண்டும் வேறு வேறு வியாதி மாதிரி. புதிதாக வருவது மட்டுமல்ல, பழையதே திரும்பி வந்தால்கூட அதன் குணம் சில பேருக்கு மாறியிருக்கும். என்ன மருந்து என்பதே அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவாகும், அது வருவதற்கு முன்னால் யாராவது மருந்து பேர் சொன்னால் பொறுமையாகக் காத்திருங்கள்.

இரண்டு பக்கமும் வந்ததால் எனக்கு மரபணுப் பரிசோதனையும் எடுத்தார்கள், பிராக்கா என்று சொல்வார்களே, அது. பாசிட்டிவ். இதைக் கேட்டபோது கீமோவை விட அதிகமாக அழுதேன், ஏனென்றால் இது பிள்ளைகளுக்குப் போகும் விஷயம். என் மகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ வித்தியாசம் கிடையாது. மகனும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் அக்காவும் எடுத்துக்கொண்டார். உங்களுக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் அடுத்த தடவை போகும்போது கேளுங்கள்.

சரி, சிவப்பு மருந்து. பாதிக்கு மேல் நீங்கள் கேட்டது அதைப் பற்றித்தான். அதன் பேர் டாக்ஸோரூபிசின், போட்ட அன்றைக்கு ஒன்றுக்குச் சிவப்பாகப் போகுமே, அதே மருந்து. அது இதயத்தைப் பாதிக்கும் என்பதால் ஒரு ஆளுக்கு ஆயுசு முழுவதுக்கும் இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. உடம்பின் பரப்பை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான் மொத்த வரம்பு. 2014இல் நான்கு சைக்கிளில் எனக்கு 240 போயிருந்தது. இடது பக்கம் கரண்ட் வேறு வைத்திருந்தார்கள், அதுவும் இதயத்துக்குப் பக்கம். அதனால் டாக்டர் முதலில் கேட்டதே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சிவப்பு மருந்து இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டோசிடாக்ஸெல், கார்போபிளாட்டின் என்று இரண்டு மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு. அதுவும் இந்தத் தடவை ஆபரேஷனுக்கு முன்னாலேயே. பிராக்கா இருப்பவர்களுக்குக் கார்போபிளாட்டின் நன்றாக வேலை செய்யும் என்றார்.

அதனால் தங்கை, அந்தப் பழைய ஃபைலை இன்றைக்கே தேடி எடுங்கள். எத்தனை சைக்கிள், என்ன மருந்து, எவ்வளவு அளவு, எந்தப் பக்கம் எத்தனை நாள் கரண்ட், எல்லாம் அதில் இருக்கும். எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கும்போது அந்தப் பையைப் பரணில் போட்டுவிட்டார்கள், கிடைக்கிற வரைக்கும் இரண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. உங்களுடையது கிடைக்கவில்லை என்றால் பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் பிரிவில் நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம்.

போர்ட் என்று, மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் வைக்கும் ஒரு பெட்டி உண்டு, அதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கையிலேயே ஊசி போட்டு, என் வலது கை நரம்பெல்லாம் கருத்து, தொட்டால் கம்பி மாதிரி இறுகிப் போனது. இடது அக்குளில் நெறிகட்டியை எடுத்துவிட்டதால் அந்தக் கையில் ஊசியே குத்தக் கூடாது, பிரஷர்கூடப் பார்க்கக் கூடாது, வீங்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது வலது பக்கமும் ஆபரேஷன் வரப்போகிறது என்றால் எந்தக் கையில்தான் குத்துவார்கள்? காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு வட்டப் பெட்டி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துப் பொருத்தினார்கள். நரம்பு கிடைக்காமல் நாலு தடவை குத்துகிற வேதனை அதோடு போய்விட்டது. கீமோ இல்லாத நாட்களிலும் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக மருந்துநீர் விட்டு அதன் உள்ளே கழுவிவிட வேண்டும், எத்தனை வாரத்துக்கு ஒரு முறை என்று அவர்கள் சொல்வார்கள், அதை மட்டும் மறக்கக் கூடாது.

இப்போது குமட்டல். அது உங்களுக்கு மட்டும் இல்லை. முதல் கீமோ அன்றைக்கு என் மாமியார் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தார், எனக்குப் பிடித்தது என்பதால். அன்று ராத்திரி முழுவதும் வாந்தி. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் எலுமிச்சம்பழச் சாதத்தைத் தட்டில் பார்த்தால்கூட வயிற்றைப் புரட்டும். மூளை மருந்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறினாலே குமட்டுவதும் அதே கதைதான், மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், முந்தின ராத்திரியே போட ஒரு மாத்திரை எனக்குக் கொடுத்தார். நான் செய்த இன்னொரு காரியம், கீமோ நாளிலும் அடுத்த இரண்டு நாளும் எனக்குப் பிடித்த எதையும் சாப்பிடவே இல்லை. பன்னும் ரவைக் கஞ்சியும்தான். அவற்றின் மேல் வெறுப்பு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

நான் பயந்த வாந்தி வரவே இல்லை. ஆறு சைக்கிளிலும் ஒரு தடவைகூட இல்லை. வாந்திக்கு இப்போது மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், டோசிடாக்ஸெல்லும் சிவப்பு மருந்து மாதிரிப் புரட்டிப் போடாது. ஆனால் நான் கொஞ்சமும் பயப்படாத ஒன்று வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2014இல் எட்டு சைக்கிளில் எனக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வந்ததில்லை. அதனால் காய்ச்சலைப் பற்றி சிஸ்டர் சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதானே என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். முதல் சைக்கிள் முடிந்து ஒன்பதாவது நாள் ராத்திரி. சாயங்காலம் வரைக்கும் நன்றாக இருந்தேன், கொடியில் துணிகூட எடுத்தேன். எட்டு மணிக்கு மேல் லேசாகக் குளிர் எடுத்தது. வேறு ஒன்றும் இல்லை, இருமல் இல்லை, சளி இல்லை. வீட்டில் தெர்மாமீட்டரைத் தேடினால் பேட்டரி போயிருந்தது. அவர் போய்ப் புதிதாக வாங்கி வந்து பார்த்தால் 101. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். பாராசிட்டமால் போட்டுப் படுக்கச் சொன்னார்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

கிளம்பி வெளியே வந்தவள், ஏனோ மனசு கேட்காமல் டே கேர் வார்டு நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்த சிஸ்டர் என் பேரைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. "எத்தனாவது நாள்மா? ஒன்பதா? மாத்திரை எதுவும் போடாதீங்க, இப்பவே கிளம்பி வாங்க, வந்துக்கிட்டே பேசலாம்" என்றார். கார் பிடித்து மதுரை போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி. ரத்தம் எடுத்துப் பார்த்தால் நியூட்ரோபில், கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு, 200. ஐந்நூறுக்குக் கீழே போனாலே ஆபத்து. அந்த நேரத்தில் உடம்பில் சண்டை போட ஆள் கிடையாது, அதனால்தான் சளி, சீழ் என்று எந்த அடையாளமும் தெரியாது, காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. அதையும் பாராசிட்டமால் போட்டு அமுக்கிவிட்டால் காலை வரைக்கும் ஒன்றும் தெரியாமலே ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும். ஐந்து நாள் தனி அறையில் ஆன்டிபயாடிக் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் என் கால் விரலையே பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது.

அதனால் தெர்மாமீட்டர். 100.4 வந்துவிட்டால், ஒரே ஒரு தடவை வந்தாலும், ராத்திரி எத்தனை மணியானாலும், விருந்தாளி வந்திருந்தாலும், கிளம்ப வேண்டும். வெள்ளை அணு மிகவும் குறைகிற நாட்கள் பொதுவாக ஏழிலிருந்து பதினான்கு வரை, அந்த ஒரு வாரம் கல்யாண வீடு, கோவில் கூட்டம் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். எந்த வலிக்கு பாராசிட்டமால் போடுவதாக இருந்தாலும் முதலில் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போடுங்கள். வார்டு நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் ஏற்றி வையுங்கள். உள்ளூர் டாக்டரிடம் போனால் "கீமோவில் இருக்கிறேன், இத்தனாவது நாள்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது சைக்கிளிலிருந்து வெள்ளை அணு ஏற ஓர் ஊசி சேர்த்தார்கள், கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து வயிற்றில் போடுவது. அதற்கப்புறம் காய்ச்சல் வரவில்லை. ஆனால் மூன்றாவது நாள் இடுப்பெலும்பும் முதுகும் உள்ளிருந்து யாரோ குத்துவது மாதிரி வலிக்கும். எலும்புக்குள் மஜ்ஜை வேகமாக வேலை செய்வதால் வருகிற வலி அது. ஏற்கெனவே ஒரு தடவை வந்தவர்களுக்கு எலும்பு வலி என்றாலே வேறு பயம் வந்துவிடும், எனக்கும் வந்தது, யாரிடமும் சொல்லாமல் இரண்டு ராத்திரி பயந்து செத்தேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த இரண்டு ராத்திரியும் மிச்சம்.

உடம்புக்கும் வயசு ஏறியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். 2014இல் எனக்குச் சர்க்கரை கிடையாது. 2023இல் இருந்தது. டோசிடாக்ஸெல்லுக்கு முந்தின நாள், அன்று, மறுநாள் என்று மூன்று நாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்டு, அலர்ஜியும் உடம்பில் நீர் கோப்பதும் வராமலிருக்க. அந்த மூன்று நாளும் சர்க்கரை 300ஐத் தாண்டிப் போய்விடும், தூக்கமும் வராது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடமும் கீமோ தேதியைச் சொல்லி வைத்தால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள்.

முடி போகும், அது உங்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில். புருவமும் இமை முடியும் போனால் வியர்வை நேராகக் கண்ணுக்குள் இறங்கும் என்பது முதல் தடவை தெரியவில்லை, இந்தத் தடவை கரிசல் காட்டு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. டோசிடாக்ஸெல்லுக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், அதையும் சொல்லுங்கள், சொட்டு மருந்து கொடுப்பார்கள். நகம் கருத்துத் தூக்கிக்கொண்டு வரும். மருந்து ஏறுகிற ஒரு மணி நேரமும் கையிலும் காலிலும் ஐஸ் பேக் வைத்துக்கொண்டால் நகத்துக்கு நல்லது என்று வைத்துவிட்டார்கள், எனக்குக் கால் பெருவிரல் நகம் ஒன்றைத் தவிர மற்றது தப்பித்தது. விரல் நுனி மரத்துப்போவது மட்டும் போன தடவையே கொஞ்சம் மிச்சம் இருந்தது, இந்தத் தடவை அதற்கு மேல் ஏறிக்கொண்டது. இன்றைக்கும் பூக் கட்ட முடியவில்லை, நூல் விரலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிகிறது. மரத்துப்போவது கூடினால் தாங்கிக்கொள்ளலாம் என்று மறைக்காதீர்கள், அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவர்களால் முடியும், கடைசியில் சொன்னால் முடியாது.

வாய் கசப்பு, புண், மலச்சிக்கல், எல்லாம் நீங்கள் பார்த்தவைதான். வாந்தி மாத்திரைதான் மலத்தைக் கட்டுகிறது, முதல் நாளிலிருந்தே சிரப் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டிய பிறகு எடுக்காதீர்கள். உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிப்பதை புண் வருவதற்கு முன்னாலேயே ஆரம்பியுங்கள். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் நாலு மாதம் இரும்பு மாதிரி இருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

நான்காவது சைக்கிளுக்குப் போனபோது தட்டணு, ரத்தத்தை உறைய வைக்கும் அணு, எழுபதாயிரத்துச் சொச்சம். ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் போடுவோம், அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை ஒன்றுகூடத் தள்ளிப்போனதில்லை என்பதால் எல்லாம் போச்சு என்று பஸ் முழுக்க அழுதுகொண்டே வந்தேன். கார்போபிளாட்டினுக்கு அப்படித்தான், ஒரு வாரம் தள்ளுவது சாதாரணம் என்று அடுத்த தடவை டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாரத்துக்குள் பப்பாளி இலைச் சாறு குடி, முள் சீத்தாப்பழம் சாப்பிடு, அதிலேயே கேன்சர் கரையும் என்று எத்தனை பேர். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சாறு கல்லீரலை என்ன செய்யும், ஏறுகிற மருந்தோடு எப்படிச் சேரும் என்று சொன்னவர்கள் யாருக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். முள் சீத்தாவை நம்பிக் கீமோவைப் பாதியில் விட்ட ஒருவரை எனக்குத் தெரியும், அதற்கு மேல் அதை எழுத முடியவில்லை.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தடவை வீடு கொள்ளாமல் வந்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் அடுக்க இடம் இல்லை. இரண்டாவது தடவை பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் சிலர் "மறுபடியுமா? போன தடவை ஒழுங்கா பாக்கலையா?" என்றார்கள். நாத்தனார் ஒருத்தர்தான் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொரு சைக்கிளுக்கும் மூன்று நாள் வந்திருந்து சமைத்துப் போட்டுவிட்டுப் போனார். தங்கை, நீங்கள் ஒழுங்காகப் பார்க்காததால் வந்தது இல்லை இது. மாத்திரையை விட்டதில்லை, செக்கப்பைத் தவறவிட்டதில்லை, செக்கப்புக்குப் போனதால்தான் இதுவும் சின்னதாக இருக்கும்போதே கண்ணில் பட்டது. உங்கள் வீட்டுக்காரர் காதிலும் இதைப் போடுங்கள், அவரையும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

செலவுக்குக் காப்பீட்டு அட்டை இருந்தால் பழைய ஃபைலோடு கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டு உதவி மேசையில் முதல் நாளே காட்டுங்கள். ரயிலில் நமக்குக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், கூட வரும் ஒருவருக்கும் சேரும்.

எனக்கு ஆறும் முடிந்து, ஆபரேஷனும் முடிந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் வருகிறேன். போன மாதம் பள்ளிக்கூடத்தில் யாரோ எலுமிச்சம்பழச் சாதம் கொண்டு வந்திருந்தார்கள், ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை.

திங்கட்கிழமை உங்களுக்கு முதல் சைக்கிள் என்றீர்கள். சட்டையோ நைட்டியோ, முன்பக்கம் பட்டன் வைத்ததாகப் போட்டுக்கொண்டு போங்கள், போர்ட்டுக்கு வசதி. ஏசி குளிரும், ஒரு போர்வை. காலையில் இட்லி வேண்டாம், உங்களுக்கு இட்லி பிடிக்கும் என்றீர்கள். தெர்மாமீட்டரை இன்றைக்கே வாங்கி பேட்டரி போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒன்பதாவது நாள் அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வருகிறது, ராத்திரி எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன்.